கீறல் படாத காலிப்பர்

தேய்மானம் பார்ப்பதுதான் என் வேலை. ஆவடியில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில், கேஜ் சோதிக்கும் மேசையில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்தேன். கேஜ் என்றால் வேறொன்றுமில்லை, செய்த சாமான் சரியான அளவில் இருக்கிறதா என்று வைத்துப் பார்க்கிற எஃகுத் துண்டு. ஆயிரம் சாமானை அளந்தால் அந்த எஃகும் தேயும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. பூதக்கண்ணாடியை வைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஓரம் மழுங்கியிருப்பது தெரியும். ஒரு பொருளைக் கையில் எடுத்தால் அது எத்தனை நாள் உழைத்தது, எந்தப் பக்கம் உழைத்தது, உழைக்காமல் பெட்டியில் தூங்கியதா என்றெல்லாம் என்னால் சொல்லிவிட முடியும். செக்‌ஷனில் என்னைப் பூதக்கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். கோபித்துக்கொள்வதுபோல நடிப்பேன், உள்ளுக்குள் பெருமைதான்.

இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் இருக்கிறது. இந்தத் தப்பை வேறு யாராவது செய்திருந்தால், பாவம், தெரியாமல் செய்துவிட்டான் என்று விட்டுவிடலாம். செய்தது நான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் குவார்ட்டர்ஸில் எங்கள் பக்கத்து வீட்டில் கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று இருந்தது. அவர்கள் மகளுக்கு இடது காலில் போலியோ. பட்டணத்து ஆஸ்பத்திரியில் காலிப்பர் கொடுத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை, நடுவில் தோல் வார்கள், கீழே ஒரு கனத்த ஷூ. குழந்தை வளர்கிறது, இரும்பு வளருமா? எட்டு மாதத்தில் குட்டையாகிவிட்டது. மறுபடியும் அலைந்து, வரிசையில் நின்று, அளவு கொடுத்து, புதியது வருவதற்குள் குழந்தை அந்த அளவையும் தாண்டிவிட்டிருந்தாள். ஒருநாள் குழந்தையின் அப்பா அந்தப் பழைய காலிப்பரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "நீங்க டூல் ரூம்காரர்தானே, ஏதாச்சும் பண்ண முடியுமா பாருங்க" என்றார்.

ஒரு வாரம் அதை வைத்துக்கொண்டு யோசித்தேன். பட்டையை இரண்டாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிற மாதிரி செய்து, அரை அங்குலத்துக்கு ஒரு துளையாக ஏழு துளை போட்டேன். குழந்தை வளர வளர ஒவ்வொரு துளையாக இறக்கி போல்ட்டை முடுக்கினால் போதும். சைக்கிள் ஸ்பேனர் இருக்கிற எந்த வீட்டிலும் செய்யலாம். இது பெரிய கண்டுபிடிப்பு இல்லை, வேறு எங்காவது யாராவது முன்பே செய்திருக்கலாம். எங்கள் பக்கம் யாரும் செய்யவில்லை.

வெல்டிங் வேலைக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்ன ஷெட் வைத்திருந்த ஒருவரைப் பிடித்தேன். அந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர், வாயைத் திறந்தால் கிண்டல்தான். தோல் வேலைக்கு ஆவடி ஸ்டேஷன் வாசலில் செருப்புத் தைக்கும் பெரியவர் கிடைத்தார். வார் உராய்ந்து தொடை புண்ணாகிறது என்று யாரோ சொன்னதும், அவர்தான் பழைய சைக்கிள் சீட்டு ஸ்பான்ஜை அறுத்துத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்தார். அப்படி ஒரு மெத்துமெத்து. மூன்று பேரும் சேர்ந்து முதல் வருஷம் ஆறு குழந்தைகளுக்குச் செய்தோம். அப்புறம் ஒருவர் சொல்லி ஒருவராகப் பரவி, பருத்திப்பட்டு, பூந்தமல்லி, வானகரம் என்று எங்கெங்கிருந்தோ தூக்கிக்கொண்டு வந்தார்கள். எங்களுக்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. மாதாமாதம் இரண்டாம் ஞாயிறு கூடுவதால் ரெண்டாம் ஞாயிற்றுக்கிழமை சங்கம் என்று மற்றவர்கள்தான் சொன்னார்கள்.

முட்டிப் பூட்டுதான் என் செல்லப் பிள்ளை. குழந்தை நேராக எழுந்து நின்றால் பக்கத்திலிருக்கும் வளையம் தன் எடையிலேயே டக்கென்று கீழே விழுந்து முட்டியைப் பூட்டிக்கொள்ளும். உட்கார வேண்டுமானால் வளையத்தைத் தூக்கிவிட்டால் போதும். அந்த வளையத்தை நானே கையால் மெருகேற்றுவேன். எங்கும் சிக்காமல் விழ வேண்டும். அந்த டக் சத்தத்தைக் கேட்க நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சோறு இல்லாமல் உட்கார்ந்திருப்பேன். "சார் ஊட்டுக்குப் போற ஐடியா கீதா, இல்ல வளையத்தையே கட்டிகினு படுத்துக்கப் போறியா?" என்பார் வெல்டிங்காரர்.

இரண்டாம் ஞாயிற்றை நாங்கள் விட்டதே இல்லை. முதலில் குவார்ட்டர்ஸில் இருந்த ஒரு மன்றத்து வராந்தாவில் நடத்தினோம். புது அதிகாரி வந்து பூட்டுப் போட்டார். சைக்கிள் ஸ்டாண்டுக்கு மாறினோம். மழைக்காலத்தில் அங்கே முழங்கால் தண்ணீர். மேசைமேல் மேசை போட்டு அளவு எடுத்தோம். பட்டணத்திலிருந்து ஒரு பெரிய தொண்டு நிறுவனத்துக்காரர்கள் வந்து ஏழு துளைப் பட்டையைப் பார்த்து அசந்துபோய்ப் படம் வரைந்துகொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. வராவிட்டால் போகட்டும் என்று சிரித்தோம். எது போனாலும் நிற்காமல் நடத்துகிறோம் என்கிற ஒரு திமிர் எங்களுக்கு இருந்தது. எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

இரண்டு வருஷம் ஒரு பிசியோதெரபி அம்மா வந்துபோனார். சின்ன வயசு, கறாரான பேச்சு. குழந்தைகளின் காலைத் தடவித் தடவிப் பார்ப்பார். "சார், வார் படற இடத்துல காய்ப்பு காய்ச்சிருக்கணும். தோல் வழவழன்னு இருந்தா பிள்ளை இதைப் போடறதே இல்லைன்னு அர்த்தம். நடக்காம விட்டா முட்டி மடங்கி அப்படியே இறுகிடும். அப்புறம் உங்க காலிப்பர் ஏறாது" என்று ஒருமுறை சொன்னார். என் நோட்டில் எழுதிக்கூட வைத்துக்கொண்டேன். அவருக்குக் கல்யாணமாகி வடக்கே போய்விட்டார். வேறு ஆளைத் தேடினோம். வந்தவர்கள் இரண்டு ஞாயிறுக்கு மேல் நிற்கவில்லை. சரி, நாமே பார்த்துக்கொள்வோம் என்று முடிவு செய்தோம். நாங்கள் என்றால், இரும்பு தெரிந்த இரண்டு பேர், தோல் தெரிந்த ஒருவர்.

அப்படி இருக்கும்போதுதான் வானகரத்துப் பையனின் காலிப்பர் உடைந்து வந்தது.

கொடுத்து ஐந்து மாதம் ஆகவில்லை. வெல்டு விட்டுப் பட்டை விரிந்திருந்தது. ஷூவின் மூக்கு தேய்ந்து விரல் எட்டிப் பார்த்தது. ஒரு வார் அறுந்து, கோணிக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். என் வளையத்துக்குள் சேறு காய்ந்து கல்லாகிக் கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. அவனுடைய அம்மா சிரித்துக்கொண்டே, "இன்னா பண்றது சார், ஒரு எடத்துல நிக்க மாட்டேன்றான். கிரிக்கெட்டு ஆடறான், கால்வா தாண்டறான். பின்னாலயே ஓட என்னால முடியல" என்றாள்.

அந்தச் சிரிப்பு எனக்குத் திமிராகப் பட்டது. நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் நான் கத்தினேன். இது என்ன உங்க வீட்டு அடுப்புக்கு விறகா, மூன்று பேர் எத்தனை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்தது தெரியுமா, ஓசியில் வந்தால் அருமை தெரியாது என்றெல்லாம். கடைசியில், "ஒருத்தருக்கு ஒண்ணுதான். உடைச்சா அடுத்தது கிடையாது" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னேன். அப்படி ஒரு விதி அதற்கு முன்னால் எங்களிடம் இல்லை. கோபத்தில் என் வாயில் பிறந்த விதி அது.

அந்த அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. வெல்டிங்காரர்தான் காலிப்பரை வாங்கிக்கொண்டுபோய்ச் சரிசெய்து கொடுத்தார். அவர்கள் போன பிறகு என்னிடம் வந்து, "உடையறதுக்குத்தான சார் நான் ஒருத்தன் வெல்டிங்க வெச்சிகினு குந்திகினு கீறேன். அதுக்குப் போயி இப்டி கத்தறியே" என்றார். அந்தப் பையன் அதற்கப்புறம் வரவே இல்லை.

அன்றைக்குக் காலையில்தான் நசரத்பேட்டையிலிருந்து வந்த ஒரு பெண் குழந்தைக்கு நாங்கள் காலிப்பர் கொடுத்திருந்தோம். ஒன்பது வயது, தாமதமாகச் சேர்ந்ததால் இரண்டாவதுதான் படித்துக்கொண்டிருந்தாள். முன்வரிசையில் அம்மாவின் மடியில் உட்கார்ந்திருந்தாள். அம்மாக்காரி நாற்று நட்டுக்கொண்டிருந்தவள். நிலமெல்லாம் மனையாகிப் போனபின் பக்கத்தில் வந்த ஒரு கம்பெனியில் பெட்டி கட்டும் வேலைக்குப் போனாள். புருஷன் இல்லை. பொண்ணுக்கு ஐந்தாவது வரை தெருமுனையிலேயே பள்ளிக்கூடம், தூக்கிக்கொண்டுபோய் விட்டுவிடுவாள். ஆறாவதுக்குப் பூந்தமல்லி போக வேண்டும். "பெரிய இஸ்கூலுக்கு இவளா நடந்து போவணும் சார். அது ஒண்ணுதான் எனக்கு வேணும்" என்று அளவு எடுத்த அன்றே சொல்லியிருந்தாள். நான் கத்தியபோது இரண்டு பேரும் புது ஷூவைப் பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

இனிமேல் சாமான் பாழாகக் கூடாது என்று நான் ஒரு ஏற்பாடு செய்தேன். எங்கள் தொழிற்சாலையில் சிறப்பாகப் பராமரிக்கப்பட்ட இயந்திரத்துக்குப் பரிசு உண்டு. அதே மாதிரி இங்கேயும் வைத்தேன். ஆயுத பூஜை முடிந்து வரும் இரண்டாம் ஞாயிறு, எல்லோரும் காலிப்பரைத் துடைத்துக் கொண்டுவர வேண்டும். வரிசையாக மேசைமேல் வைத்துச் சந்தனம், குங்குமம் இட்டுப் பொரி வைப்போம். நான் பூதக்கண்ணாடியோடு ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். அடுத்த மாதம் பரிசு. எவர்சில்வர் பாத்திரம், அதில் குழந்தையின் பெயர் வெட்டியிருக்கும். பெற்றவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அது ஒரு திருவிழா. இவ்வளவு நல்ல யோசனை எப்படித் தோன்றியது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

முதல் வருஷம் நசரத்பேட்டைப் பெண்ணுக்குத்தான் பரிசு. ஒரு தூக்கு. அவளுடைய காலிப்பர் எங்கள் மேசையிலிருந்து அப்போதுதான் போன மாதிரி இருந்தது. அவளும் அதைப் போட்டுக்கொண்டு, அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டக்கென்று வளையம் விழுந்தது. அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர். நான் ஒரு துளை இறக்கிவிட்டேன்.

இரண்டாம் வருஷமும் அவளுக்கே. இந்த முறை ஒரு அடுக்கு டப்பா. கால் வளர்ந்ததால் ஷூவை மாற்ற வேண்டியிருந்தது. பெரியவர் பழைய ஷூவைத் திருப்பி அடிப்பக்கத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இந்தச் சூவு தெருவையே பாக்கல சார்" என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அம்மாக்காரியைக் கேட்டேன். "தெனமும் போட்டுக்கறாளா?" "போட்டுக்கறா சார். ஊட்ல வந்ததும் கயட்டித் தொடச்சி வெச்சிடுவேன்" என்றாள். தொடையைப் பார்த்தேன். வார் படும் இடம் வழவழவென்று இருந்தது. ஸ்பான்ஜ் வைத்தோமே, காய்ப்பே விழவில்லை பாருங்கள் என்று பெரியவரின் முதுகில் தட்டினேன்.

மூன்றாம் வருஷம் அளவு எடுக்கும்போது டேப் காலோடு ஒட்டிப் படியவில்லை. முட்டி கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டே நின்றது. பயத்தில் விறைத்துக்கொள்கிறாள் என்று நினைத்து உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து அளந்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டாள். "எத்தனை துளை சார்?" என்று கேட்டாள். இரண்டு என்றேன். அந்த வருஷம் நிற்கச் சொல்லவில்லை, கூட்டம் அதிகம். காலிப்பரை மட்டும் பார்த்தேன். பூதக்கண்ணாடியில் ஒரு கோடு இல்லை. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஒரு கீறல் இல்லை பாருங்க, இதைப் பாத்துக் கத்துக்கங்க" என்றேன். அன்றைக்கு மேசைமேல் இருந்த பாதிக் காலிப்பர்கள் அப்படித்தான் பளபளத்தன. எங்கள் சங்கத்துக்கு ஒழுக்கம் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன்.

பரிசு கொடுக்கும் ஞாயிறு அவள் வரவில்லை. கம்பெனியில் அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை என்று யாரோ சொன்னார்கள். அந்த வருஷப் பரிசு ஒரு குடம். பள்ளிக்கூடங்களுக்கு அரைப் பரீட்சை லீவு விட்டிருந்த சமயம், எனக்கு விடுப்பு இருந்த ஒரு வேலை நாளில் குடத்தை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு, பருத்திப்பட்டு ஏரிக்கரை வழியாகப் பூந்தமல்லி போய், பெங்களூர் ரோட்டைப் பிடித்து நசரத்பேட்டைக்குப் போனேன். காலை பதினோரு மணி இருக்கும். ஒரு பெட்டிக்கடையில் விசாரித்தேன். காலிப்பர் போட்டுக்கொண்டு நடக்குமே ஒரு பெண், அவள் வீடு எது என்றேன். கடைக்காரருக்குப் புரியவில்லை. அம்மாவின் வேலையைச் சொன்னதும், "ஓ, அந்தத் தவழ்ற பொண்ணா? நடக்கற பொண்ணுன்னியே நைனா, அப்டி யாரும் இங்க இல்லியேன்னு பாத்தேன்" என்று வழி காட்டினார். பழைய பேச்சு, பழைய ஞாபகத்தில் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

வீட்டு வாசலில் அவள் இருந்தாள். இரண்டு கைகளிலும் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, கால்களை இழுத்தபடி, ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தள்ளித் தள்ளித் தண்ணீர் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வயதுப் பெண். என்னைப் பார்த்ததும் கைச்செருப்பைக் கழற்றிப் பின்னால் ஒளித்தாள்.

"சார், ரெண்டு நிமிசம் சார். போட்டுகினு வந்துட்றேன்" என்று சொல்லிவிட்டு அவசர அவசரமாக உள்ளே தவழ்ந்தாள்.

நான் வாசலிலேயே நின்றேன். உள்ளே ஏதோ உருண்டது. கொஞ்ச நேரம் கழித்து, "சார், எட்டல சார். எடுத்துக் குடுக்கறீங்களா?" என்று குரல் வந்தது. உள்ளே போனேன். சாமி படத்துக்குப் பக்கத்தில், என் தலை உயரத்துக்கு ஒரு ஆணி. அதில் ஒரு துணிப் பை. தவழ்கிறவள் கைக்கு எட்டாத உயரத்தில் எங்கள் காலிப்பர் தொங்கிக்கொண்டிருந்தது.

பையைத் திறந்தேன். அந்துருண்டை வாசம். பழைய பட்டுப் புடவைத் துண்டில் சுற்றி, பட்டைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, வாருக்கு நடுவில் காகிதம் மடித்து வைத்திருந்தார்கள். ஆயுத பூஜைக்கு நான் இட்ட குங்குமம் இன்னும் இருந்தது. ஷெல்ஃபில் தூக்கும் அடுக்கு டப்பாவும் லேபிள் கிழிக்காமல் இருந்தன.

அவள் காலை நீட்டினாள். நீட்டியது பாதிதான் நீண்டது. நான் தரையில் உட்கார்ந்து மாட்டிவிட்டேன். வாரைப் போட்டேன். முட்டி நேராகவில்லை. பட்டை இரண்டும் கோணத்தில் நின்றன, வளையம் மேலேயே நின்றது. லேசாக அழுத்தினேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். "சார், எண்ண போட்டா வுயுமா சார்?" என்று கேட்டாள். வளையத்தில் குற்றமில்லை. அது மெழுகில் வழுக்குவதுபோல் ஓடியது. அது விழ வேண்டிய இடம்தான் வரவில்லை. எத்தனையோ ஆயிரம் தடவை அந்த டக் சத்தத்துக்காகக் காத்திருந்திருக்கிறேன். அன்றைக்கு எத்தனை நேரம் காத்திருந்தேன் என்று தெரியாது. கடைசியில் கழற்றிவிட்டேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அம்மா வந்தாள். என்னையும், பிரித்துக் கிடந்த பட்டுத் துணியையும் பார்த்துப் பயந்துபோனாள். "இன்னா சார், எதுனா உடைஞ்சிபோச்சா?" என்றாள்.

ஏன் போடவில்லை என்று கேட்டேன். குரல் உயராமல் கேட்கத்தான் முயன்றேன்.

"பள்ளமும் மேடுமா கீது சார் எங்க தெரு. லாரி வேற வருது. நடக்க சொல்லோ எங்கனா வுயுந்து உடைச்சிட்டான்னா? அன்னைக்கி அந்த வானகரத்துப் பையனோட அம்மாவ அத்தினி பேர் எதிர்ல நீங்க அப்டி கேட்டீங்களே. உடைச்சா வேற கெடையாதுன்னீங்க. பெரிய இஸ்கூல் சேக்கற வரிக்கும் புதுசாவே கெடக்கட்டும், அப்பால போட்டுகினு போவட்டும்னு வெச்சிட்டேன். மொதல்ல ரெண்டாவது ஞாயித்துக்கெயம வர சொல்லோ மட்டும் மாட்டிவுடுவேன், அப்பால பையிலயே எடுத்துகினு வந்துட்டேன். நீங்களும் நல்லா வெச்சிகினு கீறன்னு பரிசு குடுத்தீங்க. சரியாத்தான் செய்றோம்னு நெனச்சேன் சார்."

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். நான் கொண்டுவந்த குடம் வாசலில் கேரியரிலேயே இருந்தது. "அது யாருக்கு சார்?" என்று பெண் கேட்டாள். அவளே கண்டுபிடித்துவிட்டாள். "இந்த வருசமும் எனக்கா?" என்று அவள் முகம் மலர்ந்ததைப் போல ஒரு தண்டனை எனக்கு வேறு யாரும் கொடுத்ததில்லை.

பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு அம்மாவிடம், "மூணு வருஷமா என்னம்மா பண்ணிக்கிட்டிருந்தே?" என்று எரிந்து விழுந்தார். அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு, "எங்க தப்புதான் சார்" என்றாள். அங்கே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். இந்தப் பெண்ணுக்கு மூன்று வருஷம் பரிசு கொடுத்தவன் நான்தான் டாக்டர் என்று சொல்லியிருக்க வேண்டும். சங்கத்தின் மானம் என்று ஏதோ ஒன்று தடுத்தது. பேசாமல் இருந்தேன். அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆபரேஷன், மாவுக்கட்டு, அப்புறம் வாரம் மூன்று நாள் வந்து பயிற்சி, அப்படியும் நேராகும் என்று உறுதியில்லை என்றார்கள். ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனைகளுக்காகவே நான்கு தடவை போனார்கள். ஐந்தாவது தடவை கம்பெனியில் இனிமேல் லீவு எடுத்தால் வராதே என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் அழைத்துப்போகிறோம், வெல்டிங்காரரின் வேனில் கூட்டிப்போகிறோம் என்று இரண்டு முறை போய்க் கேட்டேன். பெரிய பெண்ணாகிவிட்டாள், தான் கூட வராமல் ஆண்பிள்ளைகளோடு எப்படி அனுப்புவது என்றாள் அம்மா. "உட்டுடு சார். அது தலையில அதான் எயுதிகீது" என்றாள். அம்மாவுக்கு அலுத்துவிட்டது. பெண்ணை ஆறாவதில் சேர்க்கவில்லை.

சங்கத்தில் இதைச் சொன்னேன். பெரியவர், "நான்தான் சொன்னேனே சார், தெருவையே பாக்கலன்னு" என்றார். அவ்வளவுதான் சொன்னார், அதற்குமேல் குத்திக்காட்டவில்லை. பரிசை நிறுத்தினோம். உடைத்துக் கொண்டுவாருங்கள், நூறு தடவை உடைத்தாலும் செய்து தருகிறோம் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னோம். இன்னும் ஐந்தாறு வீடுகளில் காலிப்பர் பரணில், பெட்டியில், சாமி மாடத்தில் இருந்தது. எல்லாம் பளபளவென்று இருந்தன. வானகரத்துக்கும் போனேன், அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று. வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கேயோ போய்விட்டார்கள். சொட்டு மருந்து பரவலாக வந்த பிறகு புதுக் குழந்தைகள் வருவது குறைந்து, ஒரு இரண்டாம் ஞாயிறு நாங்கள் மூன்று பேர் மட்டும் சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனோம்.

அதற்கெல்லாம் முன்னால், கடைசி முறையாக நசரத்பேட்டை போனபோது அம்மாவே அந்தக் காலிப்பரை எடுத்துவந்து என்னிடம் கொடுத்தாள். "இவளுக்கு இனிமே ஒதவாது சார். புதுசாவே கீது. வேற எந்தப் புள்ளைக்கினா குடுங்க" என்றாள். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். எதற்கு இருக்கட்டும் என்று எனக்கே தெரியவில்லை. வாங்கிக்கொண்டேன்.

சைக்கிள் கேரியரில் வைத்துக் கயிற்றை இழுத்துக் கட்டினேன். அந்தப் பெண் கைச்செருப்போடு வாசல்வரை தவழ்ந்து வந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை செருப்பை ஒளிக்கவில்லை.

"சார், அப்டி கட்டாதீங்க" என்றாள். "கேரியர் கம்பி உராயும். கீறல் வுயுந்துடும்."

உள்ளே போய் அந்தப் பட்டுத் துணியை வாயில் கவ்விக்கொண்டு வந்தாள். நான் கயிற்றை அவிழ்த்து, காலிப்பரைத் துணியில் சுற்றி, அவள் சரி என்கிற வரைக்கும் திருப்பித் திருப்பிக் கட்டினேன்.